ஈரி ஏரியும் பாஸ்பரசும்: நன்னீர் ஊட்டச்சத்து ஆய்வின் வரலாறு

நன்னீர் ஊட்டச்சத்துகள் என்பவை ஏரி, குளம், ஆறு ஆகியவற்றில் வாழும் பாசிகளும் நீர்த்தாவரங்களும் வளர்வதற்குத் தேவையான வேதித் தனிமங்கள் ஆகும். இவற்றுள் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகிய மூன்றும் முதன்மையானவை. இவை குறைந்தால் நீர்நிலையில் உயிர்கள் குறையும். அளவுக்கு மிஞ்சினால் பாசி பெருகி, நீரின் ஆக்சிஜன் தீர்ந்து, மீன்கள் மடியும். ஊட்டம் மிகுவதால் நீர்நிலை கெடும் இந்நிகழ்வு மிகை உணவூட்டம் அல்லது யூட்ரோஃபிகேஷன் எனப்படுகிறது.

ஒரு நீர்நிலையைக் காப்பாற்ற இம்மூன்றில் எதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்னும் கேள்வி இன்று பாடநூலில் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு உழைப்பும், 1960களிலும் 1970களிலும் வட அமெரிக்காவில் நடந்த கடுமையான ஒரு வாதமும் இருக்கின்றன. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே அமைந்த ஈரி ஏரியே அவ்வாதத்தின் மையமாக இருந்தது.

குறைவானதே எல்லையை வகுக்கும்

ஜெர்மானிய வேதியியலாளர் யூஸ்டஸ் ஃபான் லீபிக் 1840இல் வேளாண்மை வேதியியல் பற்றிய தமது நூலை வெளியிட்டார். பயிரின் வளர்ச்சியை மண்ணில் உள்ள எல்லாச் சத்துகளின் கூட்டுத்தொகை தீர்மானிப்பதில்லை என்றும், தேவையோடு ஒப்பிடும்போது எந்தச் சத்து மிகக் குறைவாக உள்ளதோ அதுவே தீர்மானிக்கிறது என்றும் கூறும் கருத்து அவர் பெயரால் பரவியது. இதே கருத்தை அவருக்கு முன்பே கார்ல் ஸ்பிரெங்கல் என்பவரும் கூறியிருந்தார். இது இன்று சிறும விதி எனப்படுகிறது.

இதனை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். மரப்பலகைகளை நிறுத்திச் செய்த ஒரு தொட்டியில் ஒரு பலகை மட்டும் குட்டையாக இருந்தால், மற்றவை எவ்வளவு உயரமாக இருந்தாலும் நீர் அந்தக் குட்டைப் பலகையின் மட்டம் வரையே நிற்கும். மேலும் ஊற்றினால் வழிந்தோடும். அந்தக் குட்டைப் பலகை போன்ற சத்தே எல்லைப்படுத்தும் ஊட்டச்சத்து ஆகும்.

நன்னீர்ப் பாசியின் உடலில் எடைக் கணக்கில் 1 பங்கு பாஸ்பரஸ் இருந்தால், ஏறத்தாழ 7 பங்கு நைட்ரஜனும் 40 பங்கு கார்பனும் இருக்கும். ஈர எடையில் சொன்னால், 1 கிராம் பாஸ்பரஸ் கிடைத்து மற்றவையும் தடையின்றிக் கிடைக்குமானால் சுமார் 500 கிராம் பாசி உருவாக முடியும். தேவை மிகச் சிறிது என்பதால்தான் சிறிதளவு பாஸ்பரஸ் சேர்ந்தாலும் விளைவு பெரிதாகிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. கார்பனும் நைட்ரஜனும் காற்றில் வாயுக்களாக இருக்கின்றன. பாஸ்பரசுக்கு அத்தகைய வாயுச் சேமிப்பு காற்றில் இல்லை. அது பாறையிலிருந்தும் மண்ணிலிருந்தும் கழிவுகளிலிருந்துமே நீருக்கு வந்தாக வேண்டும். பிற்கால வாதத்தின் முடிவு இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருந்தது.

ஏரியியலின் தொடக்கம்

ஏரிகளை ஆராயும் துறைக்கு ஏரியியல் என்று பெயர். சுவிட்சர்லாந்தின் ஃபிரான்சுவா அல்ஃபோன்ஸ் ஃபோரெல் அதன் தந்தையாகக் கருதப்படுகிறார். ஜெனீவா ஏரியைப் பற்றி அவர் எழுதிய நூல் 1892 முதல் 1904 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அமெரிக்காவில் ஸ்டீஃபன் ஃபோர்ப்ஸ் 1887இல் எழுதிய கட்டுரை ஒன்று, ஏரியைத் தனக்குள் நிறைவான ஒரு சிற்றுலகமாகக் காட்டியது. ஓர் உயிரினத்தைத் தொட்டால் மற்ற எல்லாவற்றையும் தொட்டதாகும் என்பது அதன் சாரம்.

ஊட்டம் குறைந்த நிலை, ஊட்டம் மிகுந்த நிலை என்னும் சொற்கள் முதலில் ஏரிகளுக்காகப் பிறந்தவை அல்ல. ஜெர்மானியத் தாவரவியலாளர் வேபர் 1907இல் வட ஜெர்மனியின் சதுப்பு நிலங்களை வகைப்படுத்த அவற்றைப் பயன்படுத்தினார். சுவீடனைச் சேர்ந்த எய்னார் நவுமன் 1919இல் அவற்றை ஏரிகளுக்குக் கொண்டுவந்தார். அதே காலத்தில் ஜெர்மனியின் அவுகுஸ்ட் தீனமான், ஏரிகளின் அடி ஆழத்தில் ஆக்சிஜன் எவ்வளவு உள்ளது, அங்கே எந்தப் புழுக்கள் வாழ்கின்றன என்பதைக் கொண்டு ஏரிகளைப் பிரித்தார். இருவரும் சேர்ந்து 1922இல் கீல் நகரில் பன்னாட்டு ஏரியியல் சங்கத்தை நிறுவினர்.

அக்காலத்தில் ஏரி ஊட்டம் பெறுவது பெரும்பாலும் இயற்கையான முதுமையாகவே கருதப்பட்டது. மலை ஏரி இளமையில் தெளிந்திருக்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் வண்டல் படிந்து, ஊட்டம் சேர்ந்து, இறுதியில் சதுப்பாகும் என்றனர். மனிதன் இந்த முதுமையைச் சில பத்தாண்டுகளுக்குள் கொண்டுவந்துவிட முடியும் என்பது பின்னரே தெரிந்தது.

சிவந்த நீர்

சுவிட்சர்லாந்தின் மூர்ட்டென் ஏரி சில ஆண்டுகளில் சிவப்பாக மாறுவதுண்டு. 1476இல் அங்கு நடந்த போரில் பர்கண்டி நாட்டுப் படையினர் பெருந்தொகையாக மாண்டனர். அவர்களின் இரத்தமே ஏரியில் மேலெழுகிறது என்று மீனவர் நம்பி, அதைப் பர்கண்டியர் இரத்தம் என்றனர். அது உண்மையில் நுண்ணிய நீலப்பசும்பாசி ஒன்று என்பதைத் தாவரவியலாளர் டி கண்டோல் 1825இல் விவரித்தார். அதற்கு ஆசிலட்டோரியா ரூபெசென்ஸ் என்று பெயர்.

இதே பாசி 1898இல் சூரிக் ஏரியில் பெருந்திரளாகத் தோன்றியது. சூரிக் ஏரி ஒரு குறுகிய இடத்தால் இரு பகுதிகளாகப் பிரிந்துள்ளது. கீழ்ப்பகுதி மிக ஆழமானது. 136 மீட்டர் வரை செல்லும். அதன் கரையில்தான் நகரங்களும் அவற்றின் கழிவுநீரும் இருந்தன. மேற்பகுதி ஆழம் குறைந்தது. ஆனால் பெரிய நகரக் கழிவு அதில் சேரவில்லை. ஆழம் குறைந்த ஏரியே முதலில் கெடும் என்று எதிர்பார்ப்பதே இயல்பு. நடந்ததோ நேர்மாறு. ஆழமான பகுதி பாசியால் கெட்டு, உயர்வகை மீன்கள் குறைந்தன. மேற்பகுதி நெடுங்காலம் தெளிவாகவே இருந்தது.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஹேஸ்லர் 1947இல் வெளியிட்ட கட்டுரையில் சூரிக் ஏரியையும் பிற ஐரோப்பிய, அமெரிக்க ஏரிகளையும் தொகுத்துக் காட்டி, வீட்டுக் கழிவுநீரே இம்மாற்றத்துக்குக் காரணம் என வாதிட்டார். அதே ஆண்டு கிளேர் சாயர், விஸ்கான்சினின் மாடிசன் நகர ஏரிகளை அளந்து ஓர் எச்சரிக்கை அளவைத் தந்தார். வசந்த காலத் தொடக்கத்தில் ஒரு லிட்டர் நீரில் கனிம பாஸ்பரஸ் 0.01 மில்லிகிராமையும் கனிம நைட்ரஜன் 0.3 மில்லிகிராமையும் தாண்டினால், அந்தக் கோடையில் பாசித் தொல்லை வரக்கூடும் என்பது அவர் கண்ட முடிவு. ஏரியின் நலத்தை எண்ணால் சொல்ல முடியும் என்னும் நம்பிக்கைக்கு இது ஒரு தொடக்கமாயிற்று.

சேற்றின் நினைவு

ஏரியில் சேரும் பாஸ்பரஸ் அனைத்தும் நீரிலேயே தங்குவதில்லை. இறந்த பாசியோடு அது அடியில் படிகிறது. அங்கே அது என்ன ஆகிறது என்பதை இங்கிலாந்தின் விண்டர்மியர் பகுதியில் பணியாற்றிய கிளிஃபர்ட் மார்டிமர் 1941, 1942 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில் விளக்கினார்.

அடிநீரில் ஆக்சிஜன் இருக்கும்வரை, சேற்றிலுள்ள துருப்பிடித்த இரும்பு பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருக்கும். ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பு கரையும் நிலைக்கு மாறும். அப்போது பிடிபட்டிருந்த பாஸ்பேட்டும் விடுபட்டு நீரில் கலக்கும். அதாவது, பாசி பெருகுவதால் ஆக்சிஜன் தீர்கிறது. ஆக்சிஜன் தீர்வதால் பழைய பாஸ்பரஸ் வெளிவருகிறது. அது மீண்டும் பாசியை வளர்க்கிறது. கழிவுநீரை நிறுத்திய பின்னும் சில ஏரிகள் பல ஆண்டுகள் தேறாமலிருப்பதற்கு இதுவே காரணம்.

வாஷிங்டன் ஏரி

அமெரிக்காவின் சியாட்டில் நகரை ஒட்டியது வாஷிங்டன் ஏரி. 1940களிலிருந்து அதைச் சுற்றிக் குடியிருப்புகள் பெருகின. சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் பல நிலையங்களிலிருந்து ஏரியில் விடப்பட்டது. சுத்திகரிப்பு நாற்றத்தையும் கிருமிகளையும் குறைத்தது. கரைந்த பாஸ்பேட்டை அது பெரும்பாலும் அகற்றவில்லை.

1955இல் அந்த ஏரியில் ஆசிலட்டோரியா ரூபெசென்ஸ் காணப்பட்டது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் எட்மண்ட்சன், சூரிக் ஏரியின் கதையை அறிந்தவர். எனவே இப்பாசியின் வரவு எதற்கு அறிகுறி என்பது அவருக்கு உடனே விளங்கியது. ஏரி இனி எவ்வாறு கெடும் என்பதை அவர் முன்கூட்டியே சொன்னார். கழிவுநீரை ஏரியிலிருந்து திருப்பிவிட்டால் எவ்வாறு தேறும் என்பதையும் சொன்னார்.

ஏரியைச் சுற்றிப் பல ஊராட்சிகள் இருந்ததால் அனைத்தும் ஒன்றுசேர்ந்தாலன்றி எதுவும் செய்ய இயலாது. வழக்கறிஞர் ஜேம்ஸ் எல்லிஸ் முன்னின்று பொது அமைப்பொன்றை உருவாக்க முயன்றார். 1958 மார்ச் வாக்கெடுப்பில் அத்திட்டம் தோற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் மாற்றியமைக்கப்பட்ட திட்டம் வென்றது. 1963 முதல் 1968 வரை படிப்படியாகக் கழிவுநீர் முழுவதும் பியூஜெட் சவுண்ட் என்னும் கடற்பகுதிக்குத் திருப்பப்பட்டது. செலவு சுமார் 14 கோடி டாலர்.

நீரின் தெளிவை அளக்க எளிய கருவி ஒன்று உண்டு. இத்தாலிய வானியலாளரும் குருவுமான ஆஞ்செலோ செக்கி 1865இல் பயன்படுத்திய வெள்ளைத் தட்டு அது. கயிற்றில் கட்டி நீரில் இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிப்பர். 1963இல் வாஷிங்டன் ஏரியில் அத்தட்டு கோடையில் சுமார் 1 மீட்டரிலேயே மறைந்தது. 1970களின் தொடக்கத்தில் 3 மீட்டர் வரை தெரிந்தது. 1976க்குப் பின் டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளுகள் பெருகிப் பாசியை மேய்ந்ததால் தெளிவு இன்னும் கூடியது.

எட்மண்ட்சன் 1970இல் வெளியிட்ட முடிவு முக்கியமானது. கழிவுநீரைத் திருப்பிய பின் ஏரியில் பாஸ்பரஸ் பெரிதும் குறைந்தது. நைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பாசியோ பாஸ்பரசின் அளவைப் பின்பற்றியே குறைந்தது. ஆனால் இது ஓர் ஏரியின் கதை மட்டுமே. எல்லா ஏரிகளுக்கும் இது பொருந்துமா என்ற கேள்வி எஞ்சி நின்றது.

சலவைத்தூள் யுகம்

1946இல் புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் டைடு என்னும் செயற்கைச் சலவைத்தூளை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கடின நீரில் சோப்பு நுரைக்காது. துணியில் வெண்படலம் படியும். புதிய தூளில் இருந்த சோடியம் டிரைபாலிபாஸ்பேட், நீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கட்டிப்போட்டு அழுக்கு எளிதில் அகல உதவியது. சலவை இயந்திரங்களும் பெருகின. சில ஆண்டுகளில் சோப்பின் இடத்தைச் செயற்கைத்தூள் பிடித்தது. சில தூள்களில் எடையில் பாதி வரை இந்த பாஸ்பேட் இருந்தது.

துணி துவைத்த நீர் சாக்கடை வழியே ஆற்றுக்கும் ஏரிக்கும் சென்றது. இவ்வாறு மனிதக் கழிவோடு சலவைத்தூளின் பாஸ்பரசும் சேர்ந்து ஏரிகளின் சுமையை ஏற்றியது.

ஈரி ஏரி

வட அமெரிக்கப் பேரேரிகள் ஐந்தில் ஈரி ஏரியே ஆழம் குறைந்தது. பரப்பு சுமார் 25,700 சதுர கிலோமீட்டர். சராசரி ஆழம் 19 மீட்டர் மட்டுமே. அதன் மேற்குப் பகுதி இன்னும் ஆழம் குறைந்தது. டெட்ராய்ட், டொலீடோ, கிளீவ்லாந்து, பஃபலோ ஆகிய பெருநகரங்களின் கழிவும், சுற்றியுள்ள வளமான வயல்களின் வடிநீரும் அதில் சேர்ந்தன. ஆழமில்லாத, வெதுவெதுப்பான, பெருஞ்சுமை ஏற்கும் ஏரி என்பதால் ஐந்தில் அதுவே முதலில் கெட்டது.

ஏரியின் மேற்குப் பகுதியின் சேற்றில் ஹெக்சஜீனியா என்னும் ஈசல் போன்ற பூச்சியின் இளவுயிரிகள் கோடிக்கணக்கில் வாழ்ந்தன. அவை மீன்களுக்கு இரை. 1953 கோடையின் இறுதியில் காற்று அடங்கி வெப்பம் நீடித்தது. மேல்நீரும் அடிநீரும் கலக்கவில்லை. அடியில் ஆக்சிஜன் தீர்ந்தது. இளவுயிரிகள் பெருந்தொகையாக மடிந்தன. அடுத்த ஆண்டுகளில் அவை அங்கு ஏறத்தாழ இல்லாமலே போயின.

1960களில் கரைகளில் கிளாடோஃபோரா என்னும் இழைப்பாசி குவிந்து அழுகியது. கோடையில் ஏரியின் நடுப்பகுதியின் அடிநீர் ஆக்சிஜன் அற்றதாயிற்று. 1969 ஜூன் 22 அன்று கிளீவ்லாந்தில் ஈரி ஏரியோடு கலக்கும் கயஹோகா ஆற்றில் மிதந்த எண்ணெயும் குப்பையும் தீப்பிடித்து எரிந்தன. அத்தீக்குக் காரணம் ஊட்டச்சத்து அல்ல, தொழிற்சாலைக் கழிவு. எனினும் பொதுமக்கள் கருத்தில் இரண்டும் ஒன்றாகவே பதிந்தன. ஈரி ஏரி செத்துவிட்டது என்று செய்தித்தாள்கள் எழுதின.

அறிவியல் நோக்கில் இது பிழையான சொல். ஏரியில் உயிர் இல்லாமல் போகவில்லை. ஒருவகை உயிர் மட்டும் அளவுக்கு மீறிப் பெருகியிருந்தது.

இரு நாடுகளுக்கும் பொதுவான நீர்நிலைகளைக் கவனிக்க 1909 உடன்படிக்கையின்படி பன்னாட்டுக் கூட்டு ஆணையம் ஒன்று இருந்தது. 1964இல் இரு அரசுகளும் ஈரி, ஒன்டாரியோ ஏரிகளின் மாசை ஆராயுமாறு அதனைக் கேட்டன. ஆய்வுக்குழுவினர் 1969இல் அளித்த அறிக்கை, பாஸ்பரசைக் கட்டுப்படுத்துவதே வழி என்றது. சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் குறைத்து நீக்கவும் பரிந்துரைத்தது.

கார்பன் வாதம்

இப்பரிந்துரை பெருந்தொழில் ஒன்றின் வருவாயைத் தொட்டது. அதே காலத்தில், பாசிப் பெருக்கத்துக்கு எல்லையிடுவது பாஸ்பரஸ் அல்ல, கார்பனே என்னும் கருத்தைச் சில ஆய்வுக் கட்டுரைகள் முன்வைத்தன. கழிவில் உள்ள கரிமப் பொருளைப் பாக்டீரியா சிதைத்துக் கார்பன் டை ஆக்சைடு தருகிறது. அதுவே பாசியை வளர்க்கிறது என்பது அவ்வாதம். ஆய்வகக் குடுவைகளில் செய்த சோதனைகள் சில இதற்குத் துணைநின்றன. சலவைத்தூள் தொழில்துறையினர் இதனை எடுத்துக்கொண்டனர். கார்பனே காரணமெனில் பாஸ்பேட்டைத் தடைசெய்வதால் பயனில்லை அல்லவா?

1969 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு ஒன்று ஹென்றி ராய்ஸ் தலைமையில் சலவைத்தூள் பாஸ்பேட் பற்றி விசாரணை நடத்தியது. நிபுணர்கள் இரு பக்கமும் பேசினர். மாற்றுப் பொருள்களும் எளிதில் கிடைக்கவில்லை. என்.டி.ஏ. என்னும் மாற்றுப் பொருளின் பயன்பாடு, உடல்நல ஐயங்களால் 1970 டிசம்பரில் நிறுத்திவைக்கப்பட்டது. சோடா உப்பு மிகுந்த தூள்கள் குழந்தைகளின் கண்ணையும் வாயையும் புண்ணாக்கும் அபாயம் இருந்தது. 1971 செப்டம்பரில் அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலர், பாஸ்பேட் தூளுக்கே திரும்பலாம் என்று இல்லத்தரசிகளுக்கு அறிவுரை கூறினார். பொதுமக்கள் குழம்பினர்.

குடுவைச் சோதனைக்கு ஒரு குறை உண்டு. சிறிய மூடிய குடுவையில் உள்ள நீர், காற்றோடும் சேற்றோடும் ஓராண்டு முழுவதும் உறவாடும் ஏரி ஆகாது. வாதம் தீரவேண்டுமானால் ஏரியிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும்.

சோதனை ஏரிகள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தின் வடமேற்கில், கெனோரா நகருக்குக் கிழக்கே, பழமையான கருங்கல் பாறைகளுக்கிடையே நூற்றுக்கணக்கான சிற்றேரிகள் உள்ளன. சுற்றிலும் காடு, ஊர்கள் இல்லை. 1968இல் கனடா மீன்வள ஆய்வு வாரியம் அங்கே சோதனை ஏரிகள் பகுதியை நிறுவியது. ஜாக் வாலன்டைனும் ஜான்சனும் அதைத் திட்டமிட்டனர். இளம் ஆய்வாளர் டேவிட் சிண்ட்லர் பொறுப்பேற்றார். இங்கே ஏரிகளுக்குப் பெயர் இல்லை, எண்களே உண்டு.

1969இல் 227ஆம் எண் ஏரியில் பாஸ்பரசும் நைட்ரஜனும் இடப்பட்டன. அந்த ஏரியில் கரைந்த கார்பன் மிகக் குறைவு. கார்பன் வாதம் உண்மையெனில் அங்கே பாசி பெருகக் கூடாது. ஆனால் சில வாரங்களிலேயே ஏரி பச்சையாயிற்று. தேவையான கார்பனைப் பாசி காற்றிலிருந்தே பெற்றுக்கொண்டது. கார்பனுக்குக் கதவு வானத்தில் திறந்திருக்கிறது என்பது இவ்வாறு தெரிந்தது.

அடுத்தது 226ஆம் எண் ஏரி. நடுவில் ஒடுங்கிய இடையுடன் உடுக்கை வடிவில் அமைந்த ஏரி அது. 1973இல் அந்த ஒடுக்கத்தின் குறுக்கே நைலான் வலுவூட்டிய பிளாஸ்டிக் திரை ஒன்று நீரின் மேல்மட்டம் முதல் அடிவரை கட்டப்பட்டு ஏரி இரண்டாகப் பிரிக்கப்பட்டது. இரு பக்கத்திலும் சர்க்கரை வடிவில் கார்பனும் நைட்ரேட் வடிவில் நைட்ரஜனும் இடப்பட்டன. ஒரு பக்கத்தில் மட்டும் அவற்றோடு பாஸ்பரசும் சேர்க்கப்பட்டது.

பாஸ்பரஸ் இட்ட பக்கம் அந்தக் கோடையிலேயே பாசியால் மூடப்பட்டது. இடாத பக்கம் முன்போலவே தெளிந்திருந்தது. வானிலிருந்து எடுத்த நிழற்படத்தில் திரையின் ஒருபுறம் பாசிப்பச்சை, மறுபுறம் கருநீலம். வேதியியல் தெரியாதவருக்கும் அந்தப் படம் ஒரு பார்வையில் விளங்கியது. சிண்ட்லர் 1974இல் இம்முடிவுகளை வெளியிட்டார். சட்டமன்ற விசாரணைகளிலும் பாடநூல்களிலும் அப்படம் இடம்பெற்றது.

இதே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தில் பிறந்த ரிச்சர்ட் ஃபோலன்வைடர் கணக்கு வழியே அதே முடிவை அடைந்திருந்தார். 1968இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் மேம்பாட்டு அமைப்புக்கு அவர் எழுதிய அறிக்கை, பல ஏரிகளில் ஆண்டுக்குச் சேரும் பாஸ்பரஸ் சுமையை ஏரியின் ஆழத்தோடு ஒப்பிட்டது. பின்னர் நீர் ஏரியில் தங்கும் காலத்தையும் சேர்த்துக்கொண்டார். இதனால் ஓர் ஏரி எவ்வளவு பாஸ்பரசைத் தாங்கும் என்று முன்கூட்டியே கணிக்க முடிந்தது. நோய்க்குக் காரணத்தைச் சோதனை ஏரி காட்டியது என்றால், மருந்தின் அளவைக் கணக்கு காட்டியது எனலாம்.

ஜாக் வாலன்டைன் பிற்காலத்தில் முதுகுப்பையில் உலக உருண்டையைச் சுமந்துகொண்டு பள்ளி பள்ளியாகச் சென்று மாணவரிடம் சூழலியல் பேசினார். அந்தக் கோலத்தில் அவரை ஜானி பயோஸ்பியர் என்று குழந்தைகள் அறிந்தனர்.

ஒப்பந்தமும் பயனும்

கனடா 1970இல் சலவைத்தூளின் பாஸ்பேட்டுக்கு வரம்பு விதித்து, 1973இல் அதை மேலும் இறுக்கியது. அமெரிக்காவில் நாடு தழுவிய தடை வரவில்லை; மாநிலங்கள் தனித்தனியே செயல்பட்டன. நியூயார்க்கும் இண்டியானாவும் 1970களின் தொடக்கத்திலும், மிச்சிகன் 1977இலும் கட்டுப்படுத்தின. ஈரி ஏரியின் தென்கரையில் உள்ள ஒஹையோவில் 1980களின் இறுதியில்தான் சட்டம் வந்தது.

1972 ஏப்ரல் 15 அன்று ஒட்டாவாவில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சனும் கனடாப் பிரதமர் பியேர் ட்ரூடோவும் பேரேரிகள் நீர்த்தர ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் வெளியேற்றும் நீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் பாஸ்பரஸ் இருக்கக் கூடாது என்பது இலக்காயிற்று. 1978இல் திருத்தப்பட்ட ஒப்பந்தம் ஈரி ஏரிக்கு ஆண்டுக்கு 11,000 டன் என்னும் உச்ச வரம்பை முன்வைத்தது.

1980களில் இந்த இலக்கு பெரும்பாலும் எட்டப்பட்டது. பாசி குறைந்தது. 1990களின் தொடக்கத்தில், நாற்பது ஆண்டுகளாகக் காணாமற்போயிருந்த ஹெக்சஜீனியா பூச்சிகள் மேற்குப் பகுதிக்குத் திரும்பின. கோடை இரவுகளில் அவை கரையோர ஊர்களின் விளக்குகளை மொய்த்தன. தொல்லையாக இருந்தாலும், ஏரி தேறியதன் சான்றாக அவற்றை மக்கள் வரவேற்றனர். செத்ததாகச் சொல்லப்பட்ட ஏரி இருபது ஆண்டுகளில் மீண்டது சூழலியல் வரலாற்றின் பெருவெற்றிகளுள் ஒன்றாகும்.

மீண்டும் பசுமை

அந்த வெற்றி நிலைக்கவில்லை. 1990களின் நடுப்பகுதியிலிருந்து மேற்கு ஈரியில் நீலப்பசும்பாசி மறுபடியும் தலைகாட்டியது. 2011இல் அது பேரளவில் பரவியது.

இம்முறை சலவைத்தூள் காரணமல்ல. கழிவுநீர்க் குழாயை விரல் நீட்டிக் காட்டலாம், ஓரிடத்தில் அடைக்கலாம். ஆனால் டொலீடோ அருகே ஏரியில் கலக்கும் மௌமி ஆறு, சோளமும் சோயா மொச்சையும் விளையும் பரந்த வயல்களின் நீரைச் சுமந்துவருகிறது. உரம், கால்நடைச் சாணம் ஆகியவற்றின் பாஸ்பரஸ் வசந்த கால மழையோடு நிலத்தடி வடிகால் குழாய்கள் வழியே ஆற்றை அடைகிறது. மொத்த பாஸ்பரசின் அளவு பெரிதாக ஏறாவிட்டாலும், பாசி உடனே உறிஞ்சக்கூடிய கரைந்த பாஸ்பரசின் பங்கு கூடியிருந்தது. 1980களின் இறுதியில் கப்பல்கள் வழியே வந்து பரவிய வரிக்குதிரைச் சிப்பிகளும் ஏரியின் உணவு வலையை மாற்றின. அவை நற்பாசியை வடித்துண்டு, நச்சுப்பாசியைத் துப்பிவிடுகின்றன.

2014 ஆகஸ்ட் 2 அன்று அதிகாலை டொலீடோ நகர மக்களுக்கு ஓர் அறிவிப்பு வந்தது: குழாய்நீரைக் குடிக்க வேண்டாம், காய்ச்சவும் வேண்டாம். நீலப்பசும்பாசி சுரக்கும் மைக்ரோசிஸ்டின் என்னும் கல்லீரல் நச்சு, உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்னும் வரம்பைத் தாண்டியிருந்தது. காய்ச்சினால் இந்நச்சு அழியாது. நீர் ஆவியாவதால் செறிவுதான் கூடும். உலகின் மிகப்பெரிய நன்னீர்த் தொகுதியின் கரையில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இரண்டு நாள்களுக்கு மேல் புட்டிநீருக்கு வரிசையில் நின்றனர்.

2016இல் இரு நாடுகளும் ஈரி ஏரிக்குச் செல்லும் பாஸ்பரசை 2008ஆம் ஆண்டின் அளவிலிருந்து 40 விழுக்காடு குறைப்பதாக இலக்கு வைத்தன. உழவர்கள் உரத்தை மண்ணுக்குள் இடுவது, மழைக்கு முன் உரமிடாமலிருப்பது, கரையோரத்தில் புல்வரிசை வளர்ப்பது, சதுப்பு நிலங்களை மீட்பது ஆகியவை வழிமுறைகளாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. இவற்றுள் பல உழவரின் விருப்பத்தைச் சார்ந்தவை என்பதால் முன்னேற்றம் மெதுவாகவே உள்ளது.

நைட்ரஜன் பற்றிய கேள்வி

227ஆம் எண் ஏரியின் சோதனை 1969இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. நைட்ரஜன் இடுவதைப் படிப்படியாகக் குறைத்து, 1990இல் அறவே நிறுத்தினர். பாஸ்பரஸ் மட்டும் இடப்பட்டது. அப்போதும் ஏரி பசுமையாகவே இருந்தது. காற்றின் நைட்ரஜனை நிலைப்படுத்தும் நீலப்பசும்பாசிகள் பற்றாக்குறையை ஈடுசெய்தன. 37 ஆண்டுகாலத் தரவுகளைக் கொண்டு 2008இல் சிண்ட்லர் குழுவினர், நைட்ரஜனைக் குறைப்பதால் ஏரிகளின் மிகை உணவூட்டத்தைத் தடுக்க இயலாது என்றனர்.

எல்லா அறிஞர்களும் இதை ஏற்கவில்லை. ஏரிநீர் இறுதியில் கடலைச் சேர்கிறது. கழிமுகங்களிலும் கடலோர நீரிலும் நைட்ரஜனே பெரும்பாலும் எல்லையிடும் சத்து. எனவே இரண்டையும் சேர்த்தே குறைக்க வேண்டும் என்று 2009இல் வேறு குழுவினர் வாதிட்டனர். ஈரி ஏரியில் பெருகும் மைக்ரோசிஸ்டிஸ் என்னும் பாசி காற்றின் நைட்ரஜனை நிலைப்படுத்த இயலாதது என்பதும், அதன் நச்சிலேயே நைட்ரஜன் மிகுதி என்பதும் இவ்வாதத்துக்கு வலுச்சேர்க்கின்றன. பாஸ்பரசைக் கட்டுப்படுத்துவது இன்றியமையாதது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அது மட்டும் போதுமா என்பதே இன்றைய கேள்வி.

வரலாற்றில் இடம்

சிண்ட்லருக்கு 1991இல் முதலாவது ஸ்டாக்ஹோம் நீர் விருது வழங்கப்பட்டது. அவர் 2021இல் காலமானார். சோதனை ஏரிகள் பகுதிக்கு நிதியளிப்பதை நிறுத்தப்போவதாகக் கனடா நடுவணரசு 2012இல் அறிவித்தபோது அறிவியலாளரும் பொதுமக்களும் எதிர்த்தனர். 2014இல் பன்னாட்டு நிலைப்பேறான வளர்ச்சி நிறுவனம் அதன் நடத்தும் பொறுப்பை ஏற்றது. ஆய்வுகள் தொடர்கின்றன.

இந்த வரலாற்றில் கவனிக்கத்தக்கவை மூன்று. முதலாவது, நீண்டகால அளவீட்டின் பயன். எட்மண்ட்சன் ஆண்டுதோறும் அளந்திராவிட்டால் வாஷிங்டன் ஏரி தேறியதன் காரணம் வெறும் ஊகமாகவே நின்றிருக்கும். இரண்டாவது, முழு ஏரியில் செய்த சோதனை குடுவைச் சோதனையின் முடிவைத் திருத்தியது. மூன்றாவது, காரணம் அறிவது வேறு, அதன்படி நடப்பது வேறு. சலவைத்தூளின் பாஸ்பேட்டை நீக்கச் சில தொழிற்சாலைகள் தம் கலவையை மாற்றினால் போதுமாயிருந்தது. வயலின் பாஸ்பரசைக் குறைக்க ஆயிரக்கணக்கான உழவர்கள் தம் பழக்கத்தை மாற்ற வேண்டியுள்ளது. ஈரி ஏரி ஒருமுறை மீண்டதால் மீள்வது இயலும் என்பது உறுதியாகியுள்ளது. இரண்டாம் முறை மீளுமா என்பது கரைக்கு வெகுதொலைவில் உள்ள வயல்களில் தீர்மானிக்கப்படுகிறது.